டம்ளருக்குள் பச்சை மை

காலையில் ஒரு பழைய பேனாவை டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டேன். காய்ந்துபோன மை மெல்லக் கரைந்து இறங்கியது. நீலமாக இருக்கும் என்று நினைத்தேன். பச்சை. இந்தத் தங்கவயலில் எனக்குத் தெரிந்து பச்சை மையில் எழுதியவன் நீ ஒருவன்தான். "பெரிய கெஜட்டட் ஆபீசர்னு நெனப்பு இவனுக்கு" என்று உன்னை எவ்வளவு ஓட்டியிருப்பேன்.

நீ போய்ச் சேர்ந்த மறுமாதமே உன் மகன் வந்து வீட்டை ஒழித்துவிட்டான். நீ சேர்த்த பேனாக்களெல்லாம் பிஸ்கட் டப்பாவோடு ராபர்ட்சன்பேட்டை பழைய சாமான் கடைக்குப் போயின. கடைக்கார பாய்தான் போன் செய்தார். "உங்க ஃபிரண்டு பேனாங்க வந்துகீது. வந்து பாருங்க சார்."

டப்பாவைக் கிளறினேன். கறுப்பு எபோனைட் ரப்பர் பேனா ஒன்று. மூடியில் கோணலாகக் கீறிய நம்பர். சுரங்கத்தில் என் அப்பாவின் டோக்கன் நம்பர். சுரங்கத்துக்காரர்கள் டோக்கன் நம்பரைக் கீறாமல் எதை விட்டுவைத்தார்கள்? டிபன் கேரியர், டார்ச் லைட், குடைக்காம்பு, எல்லாவற்றிலும் இருக்கும். ஷிப்ட் முடிந்து கேஜ் லிப்டில் நெருக்கியடித்து மேலே வரும்போது ஒருவர் பொருள் இன்னொருவரோடு போய்விடக் கூடாதல்லவா.

சுரங்கத்தை மூடிய வருடம் வீட்டுச் சாமான்களோடு அந்தப் பேனாவும் விலைக்குப் போனது. அதற்குப் பிறகும் அப்பாவின் கை சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டு ஏமாந்தது. அவர் இருக்கும்போதே தேடிக் கொடுத்துவிட வேண்டும் என்றேன். "வாடா, தேடலாம். எங்க போயிடும்?" என்று முதலில் கிளம்பியவன் நீ.

ஞாயிறுதோறும் மாரிகுப்பத்தில் வண்டி ஏறி பெங்களூர்ச் சந்தைக்குப் போவோம். பேனாவைக் கட்டைவிரலால் தேய்த்து மோந்து பார்ப்பாய். "கந்தக வாசம் வருது பாரு, ஒரிஜினல் எபோனைட்." நான் மூடியை மட்டும் திருப்பிப் பார்ப்பேன். வெறுங்கையோடு திரும்பும்போது சன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்து, "அட்த்த வாரம் கெடைக்கும்டா" என்பாய்.

டப்பாவிலிருந்து எடுத்த அந்தப் பேனாவைக் காட்டியதும் பாய் முகம் மாறிவிட்டது. "இத்த நான்தான் சார் அவருக்குக் குடுத்தேன், உங்கப்பா உசுரோட இருக்கசொல்லவே. நீங்க தேடறதாச்சேன்னு எடுத்து வெச்சிருந்தேன். நானே குடுத்துக்கறேன்னு வாங்கினு போனாரே. குடுக்கலியா?"

அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய்? "கெடச்சிடும் மாமா, நாங்க உடமாட்டோம்." அன்று உன் சட்டைப்பையில் எந்தப் பேனா இருந்தது?

ஏன்டா? எழுதுவதற்கு நன்றாக இருக்கிறது என்று ஆசைப்பட்டாயா? அல்லது பேனா கிடைத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன் என்று பயந்தாயா? உன் மனைவி இறந்த பிறகு அந்த ஒரு நாளைத் தள்ளுவது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பேனா இல்லாவிட்டாலும் வந்திருப்பேன். அது உனக்குத் தெரியவில்லை என்பதுதான் திருட்டைவிட அதிகமாக வலிக்கிறது. இருந்தாலும் உன்னை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பா வெறும் பையோடு போனார்.

தண்ணீரை மாற்ற மாற்றப் பச்சை வந்துகொண்டே இருக்கிறது. போதும் என்று பேனாவைத் துடைத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன். கையில் எடுத்தால் அப்பா நினைவுக்கு வருவார் என்றுதான் இத்தனை வருடம் இதைத் தேடினேன். எடுத்துப் பார்க்கிறேன். நீதான் வருகிறாய்.