கிழக்கு ஓடையின் அடுக்கு

திருப்பூர்,
6-8-2008

அன்பு மகள் நாகஜோதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அந்த ஜெர்மனிக் குளிரிலும் நீ சுகமாயிருக்க நம்ம ஊர் அய்யனார் துணையிருக்கட்டும். சுகமில்லாமல் போனது நீ பீரோவில் வைத்துவிட்டுப் போன, கல்லாய்ப்போன கடல் நத்தை, அந்த நத்தைக்கல் ஒன்றுதான். திட்டாதே. அரியலூர் கலெக்டர் ஆபீசில் காட்ட வேண்டியிருந்தது, சுத்தமாய்க் கொண்டுபோவோமே என்று சாயப்பட்டறை ஆசிட்டில் ஊறப்போட்டேன், பனியனில் கறை எடுக்கிற பழக்கம். சோடா மாதிரி நுரைத்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வரியும் இல்லை சுருளும் இல்லை, தேய்ந்த சோப்புக்கட்டி. பத்துக் கோடி வருசம் தாங்கினது உன் அப்பனிடம் பத்து நிமிசம் தாங்கவில்லை.

விசயம் அதைவிடப் பெரிது. அரியலூர்ப் பக்கம் நம்ம ஊரில், ஒரு காலத்தில் கடலாய்க் கிடந்த கிழக்கு ஓடைக்கரையில் நீ குடையும் சுத்தியலுமாய் உட்கார்ந்திருப்பாயே, அங்கே சுண்ணாம்புக்கல் குவாரி வரப்போகிறது. உன் சித்தப்பன் சாமியப்பன் தன் பங்கு நிலத்தைக் குவாரிக்கு எழுதிக்கொடுக்கச் சம்மதித்துவிட்டான். ஏண்ணே கிளிஞ்சலுக்கு வக்காலத்து வாங்குற, கடல் திரும்பி வந்து ஒனக்கு மீன் குடுக்கப் போவுதா என்று ஊர் சிரிக்கக் கேட்டான், நானும் சிரித்துவைத்தேன். குவாரி ஆள் தன்மையாகத்தான் பேசினார், நல்ல கல்லாகப் பொறுக்கி மியூசியத்துக்குக் கொடுக்கிறோம் என்றார். எனக்குத் தெரிந்த கட்டிங் மாஸ்டர் தொழிலை வைத்துச் சொன்னேன். கட்டிங் டேபிளில் நூறு அடுக்குத் துணி விரித்து வெட்டினால் ஒவ்வொரு பீசிலும் எந்த அடுக்கு என்று நம்பர் ஒட்டுவோம், நம்பர் போனால் எந்தக் கை எந்த உடம்புக்கு என்று தெரியாது, அந்தக் கரையும் பழைய கடல் அடியில், அடுத்த கடல் மேலே என்று கலையாமல் கிடக்கிற அடுக்கு, கலைத்துவிட்டுக் கல்லை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் காலத்துக்கு ஒட்டுவீர்கள் என்றேன். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நாலாம் வகுப்பு என்றேன். அத்தோடு பேச்சு முடிந்தது.

28ஆம் தேதி குவாரி பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம். முதலாளியிடம் லீவு கேட்டதற்கு, ஏனுங் மாஸ்டர், சிப்மெண்டு கெடக்குதுங்க, காஞ்ச கடலுக்கெல்லாம் லீவாங்க என்கிறார். வேலை போனாலும் போவேன். ஆனால் என் பேச்சு அங்கே எடுபடாது ஜோதி. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். உன் புரொபசரிடம் சீல் வைத்த ஒரு காகிதம் வாங்கி அனுப்பு, முடிந்தால் நீயே வா, உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். வெடி வைத்துவிட்டால் மறுபடி அடுக்க எந்த மாஸ்டராலும் முடியாது. திங்கட்கிழமை கவரை ஒட்டி மனுக் கொடுத்துவிட்டு வந்தேன், இப்போதைக்கு நம் பக்கம் இருப்பது அது ஒன்றுதான்.

கல் உடைக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாய் இரு மகளே. 28ஐ மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன் அப்பா
ஆ. அய்யாசாமி

பின்குறிப்பு: இதை மடித்து வைக்கக் கவர் எடுக்கப் பையைத் திறந்தேன். மனு பையில் இருக்கிறது. கம்பெனி பேக்கிங் லிஸ்டைக் காணவில்லை. எல் சைஸ் பனியன் நாற்பது டஜன், எக்ஸெல் இருபது டஜன் என்று கலெக்டருக்கு மனுக் கொடுத்திருக்கிறேன்.