ரோட்டுக்கு ஊற்றும் முதல் கிளாஸ்

14.11.1978, செவ்வாய்

பஸ் ஸ்டாண்ட் எதிர் ஹோட்டலில் தருவது டீயே இல்லை, கழனித்தண்ணி. ஆறு வருஷமாகத் திட்டிக்கொண்டேதான் குடிக்கிறேன். காலையில் கடை திறந்ததும் போடும் முதல் டீயை மாஸ்டர் யாருக்கும் தரமாட்டார். செத்துப்போனவர்களுக்கு என்று ரோட்டில் ஊற்றிவிடுவார். இன்று கோட்டுச்சேரி பஸ் கிளம்பும் அவசரத்தில் அந்தக் கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டேன். அப்படி ஒரு டீயை நான் எங்கேயும் குடித்ததில்லை.

"சார், அது உங்களுக்கு ஊத்துனது இல்லீங்க," என்றார் மாஸ்டர்.

அதற்கப்புறம் எதிலும் ருசி இல்லை. மத்தியானம் பள்ளிக்கூடத்தில் மிளகாய் ஊறுகாய்கூட உறைக்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்து அதே கடையில் டீ கேட்டேன். மாஸ்டர் ஆற்றி எடுத்து வந்தார். என் கையில் கொடுக்காமல், என் காலடியில் ரோட்டில் ஊற்றினார்.

"குடிங்க சார்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். வாய் நிறைய டீ. சுடச்சுட, காலையில் குடித்த அதே ருசி.

மனைவி வைத்துவிட்டுப் போன பால் மேஜையில் ஆறிக்கொண்டிருக்கிறது. ஒரு வாய் குடித்தேன், பச்சைத் தண்ணீராக இருக்கிறது. வாசலில் கொட்டிப் பார்க்கலாம். பயமாக இருக்கிறது.