தீ மூட்டாத எஞ்சினைக் காட்டி ஏறச் சொன்னது குறித்து

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற எஞ்சின் ஃபயர்மேனின் மனைவி,
ரயில்வே குடியிருப்புக்குப் பின்தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
ரயில்வே பொது மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: தங்கள் அலுவலகப் பட்டியலை நம்பி நீராவி ரயில் தேடி அலைந்தது – என் வீட்டுக்காரரை ஒருமுறை ஏற்றிவிடக் கோருவது.

மரியாதைக்குரிய ஐயா,

1. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் பிழை இருக்கலாம். தேதியில் இருக்காது.

2. என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருடம் நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர். அந்தச் சட்டைகளைத் துவைத்தவள் நான். எனக்கு எஞ்சின் மேல் ஆசை ஒன்றும் கிடையாது. இப்போது அவருக்குக் கண் மங்கி வருகிறது. நாலு மாதம்தான் தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் ஓடுகிற எஞ்சினைப் பார்த்து, ஒரு சுற்று போய்வர வேண்டும் என்கிறார். வேளைக்குச் சோறு தவிர அவர் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

3. பிப்ரவரி 9, திங்கட்கிழமை, தங்கள் விசாரணை ஜன்னலில், நீராவி ரயில் பார்க்கவும் பயணிக்கவும் மூன்று இடங்கள் என்று பட்டியல் கொடுத்தார்கள். கொடுத்தவர் காது குடைந்துகொண்டே கொடுத்தார். அதையும் நான் மறக்கவில்லை.

4. பிப்ரவரி 15: முதல் இடத்தில் எஞ்சின் சிமெண்ட் மேடையில் நிற்கிறது. உள்ளே புறா குடித்தனம். பிப்ரவரி 22: இரண்டாம் இடத்தில் கேட்டுக்குப் பூட்டு, பூட்டுக்குத் துரு.

5. மார்ச் 8: மூன்றாம் இடம். புகை வந்தது, ஊதல் கேட்டது, பிள்ளைகள் கைதட்டின. இவர் பழைய நீலச் சட்டையைப் போட்டு வந்திருந்தார். எந்த எஞ்சினிலும் ஏறுமுன் புறங்கையை பாய்லர் அருகே கொண்டுபோய்ச் சூடு பார்ப்பது இவர் வழக்கம். கொண்டுபோனார். பிறகு உள்ளங்கையையே அழுத்தி வைத்தார். “ஜில்லுன்னு இருக்கு. புகை சும்மா காட்டுறதுக்கு. பின்னாடி டீசல் எஞ்சின் தள்ளுது” என்றார். தங்கள் சீருடைப் பெண், “பெரியவரே, புகை வருதுல்ல, அப்புறம் என்ன? ஏறுங்க, கூட்டம் நிக்குது” என்றார். இவர் ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

6. அங்கே ஒரு ஃபிட்டர் மட்டும் உண்மை சொன்னார்: “நிஜமா தீ மூட்டுற எஞ்சின் ஒண்ணு ஷெட்டுல இருக்கும்மா. பெரிய அதிகாரிங்க வர்ற அன்னைக்கு, வருஷத்துக்கு ஒரு தடவைதான்.” இந்த வருடம் அந்த நாள் பிப்ரவரி 22. அன்றுதான் நாங்கள் துருப்பிடித்த பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

7. அடுத்ததற்குப் பதினோரு மாதம். கண்ணுக்கு நாலு மாதம். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தங்கள் அலுவலகத்தில் ஐந்து அறை ஏறி இறங்கினேன். கீழே இருந்தவர் மேலே கை காட்டினார், மேலே இருந்தவர் கீழே. கடைசி அறையில் அதே பட்டியலைப் புதிதாக அச்சடித்துத் தந்தார்கள். தினமும் காலையில் “ஏதாவது சொன்னாங்களா?” என்று இவர் கேட்கிறார். நாளைக்கு என்கிறேன்.

8. ஆகவே ஐயா, அந்த எஞ்சினை நாலு மாதத்துக்குள் ஒரு நாள் மூட்டச் சொல்லுங்கள். முடியாதென்றால், பட்டியலை மறுபடி அனுப்ப வேண்டாம். வீட்டில் இரண்டு இருக்கிறது. அடுத்த வருடம் மூட்டும் நாளையாவது முன்கூட்டியே எழுதுங்கள். நானே கையைப் பிடித்துக் கூட்டி வருகிறேன். பாய்லர் சுடுகிறதா என்று பார்க்க அவருக்குக் கண் வேண்டாம்.

நாள்: 16 மார்ச், திங்கட்கிழமை
இடம்: மேற்படி வீடு

பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
ஃபயர்மேன் வீட்டம்மா