மசூர் அக்காவின் பிறப்பிடம்

அக்கா,

பலேர்மோவில், பிரான்காச்சோ வீட்டின் நம் தபால் பெட்டியில் உங்கள் பெயர் இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது. என் பெயருக்கு மேலே, உங்கள் கையெழுத்தில்: மசூர். இன்று காலை பார்த்தேன். நீங்கள் போய் ஒரு மாதமாகிறது. கிழிக்கவும் தோன்றவில்லை, அழவும் வரவில்லை.

ஒன்பது வருடம் ஒரே வீடு, ஒரே குசினியில் சமையல். போலந்திலிருந்து வந்த நீங்களும் நெடுந்தீவிலிருந்து வந்த நானும் மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் வேலை முடித்து ஒரே பஸ்ஸில் திரும்புவோம். அந்த வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, என்னைச் "சிங்கலேசே" என்பாள். தமிழச்சியைச் சிங்களத்தி என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி நான் பொரிந்து தள்ளிய ஒருநாள்தான் உங்கள் பெயரின் கதையைச் சொன்னீர்கள். நாம் கதைத்தது இத்தாலியனில். என் மனதில் அது தமிழாகவே கிடக்கிறது.

"மசோவியா எண்டொரு பகுதி. அங்கையிருந்து வெளிக்கிட்டுப் போன ஆக்களைத்தான் மசூர் எண்டவை. வடக்கை ஏரிப் பக்கம் குடியேறினவை அந்தப் பேரோட ஒரு இனமாவே நிண்டிட்டினம். அந்த இடமும் மசூரியா ஆச்சு. எங்கடை ஆக்கள் வேற பக்கம் போனவை. எங்களுக்கு அது குடும்பப் பேர் மட்டும்தான்."

"மசோவியா எண்டால் என்ன கருத்து?"

"சேறு பூசின சனமெண்டு சிலர் சொல்லுகினம். ஆருக்குத் தெரியும்!"

சிரித்துவிட்டேன். நெடுந்தீவில் எங்களை ஒருவரும் தீவார் என்றதில்லை. யாழ்ப்பாணத்தில் கால் வைத்த பிறகுதான் அந்தப் பெயர் வந்தது. அதை உங்களிடம் சொன்னேன்.

போன கிழமை உங்கள் முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை எழுதினேன். எங்களில் ஊர் இல்லாமல் மரண அறிவித்தல் தொடங்காது. யோசிக்காமல், "மசூரியாவைப் பிறப்பிடமாகவும் பலேர்மோவை வதிவிடமாகவும் கொண்ட" என்று எழுதிவிட்டு, போலந்திலிருக்கும் உங்கள் மகளுக்குப் போனில் வாசித்து விளக்கினேன்.

"அம்மா மசூரியாவுக்குப் போனதே இல்லையே, அன்ரி," என்றாள்.

நீங்கள் அவ்வளவு சொல்லியும், குடும்பப் பெயரை ஊராக்கிவிட்டேன். வெட்கமாக இருந்தது. மகள் உங்கள் ஊரின் பெயரைச் சொன்னாள். இரண்டு தரம் சொல்லச் சொல்லி எழுதினேன். அதுவரை என் காதில் விழாத பெயர்.

நெடுந்தீவில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதுவரை உங்களுக்குத் தெரியும். கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டீர்கள். கோயில் வாசலில் எந்தத் தமிழரைக் கண்டாலும், "நீங்கள் ஊரிலை எந்த இடம்?" என்று பெயருக்கு முன்னமே கேட்கிற வாய் என்னுடையது. ஒன்பது வருடத்தில் உங்களிடம் ஒருநாள்கூட அதைக் கேட்கவில்லை, அக்கா.