வேனுக்கு டீசல் ஊத்தச் சொல்லு

அக்கா,

இன்று திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, மடியிலிருந்து பொட்டலத்தைப் பிரித்து, புகையிலையைக் கிள்ளி வாயில் அடக்கிக்கொண்டாள். அந்தக் கார வாடை வந்ததும் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உன் தோளில் சாய்ந்து உட்கார்ந்தது போலிருந்தது. உன் மேல் எப்போதும் வீசிய வாடை அதுதானே.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். ஓர்ப்படிகளுக்குள் இவ்வளவு ஒட்டுதலா என்று தெருவே கேட்கும். கல்யாணமான புதிதில் வேர்க்கடலைக் கழனிக்கு மல்லாட்டை பிடுங்கப் போனபோது, வெயில் தாங்காமல் நான் தடுமாற, என் வரிசையையும் சேர்த்து நீயே பிடுங்கினாய். மத்தியானம் உன் தூக்கில் இருந்த கேப்பைக் கூழை எனக்கு ஊற்றிவிட்டு, நீ ஒரு கிள்ளுப் புகையிலையை அடக்கிக்கொண்டாய்.

"எனக்கு இது போதும்மே. இத்த வெச்சா பசி தெரியாது" என்றாய்.

கழனிக்குப் போகும் நம் பெண்கள் பலருக்கும் இப்படித்தான் அது ஒட்டிக்கொண்டது. பீடி குடிக்கும் ஆம்பளைகளைத் திட்டுவோம். இதை யாரும் ஒரு பழக்கமாகவே நினைக்கவில்லை.

வாய்ப் பரிசோதனை வேன் ரேஷன் கடை முன்னால் வந்து நின்றபோது நான்தான் உன்னை இழுத்துப்போனேன். கன்னத்தின் உள்ளே வெள்ளையாகப் படர்ந்திருந்ததைப் பார்த்த டாக்டரம்மா, புகையிலையை விடச் சொன்னார். அடுத்த முறை வேன் வரும்போது கட்டாயம் காட்டச் சொன்னார். நீ விட்டாய், அக்கா. என்மேல் எரிந்து விழுந்தாய், கிராம்பை மென்றாய், ஆனால் விட்டாய். வேன்தான் வரவில்லை. போன் போட்டுக் கேட்டேன். புகையிலைத் தடுப்புக்கு ஒதுக்கும் பணம் வரவில்லை, வண்டி ஷெட்டில் நிற்கிறது என்றார்கள்.

"விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாக்கா" என்று கூப்பிட்டால், "ஒரு நாள் கூலி போயிடும்மே. வேன் வரும்போது பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாய். வெள்ளை சிவப்பாகி, புண்ணாகி, சோறு இறங்காமல் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

தாடையில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நீ பேசியது உன் பிள்ளைகளுக்கே விளங்கவில்லை. பக்கத்தில் படுத்து, உன் வாயையும் கண்ணையும் பார்த்துப் பார்த்து நான் கற்றுக்கொண்டேன். முதலில் எனக்குப் பிடிபட்ட வார்த்தை என் பேர்தான்.

உடம்பு கொஞ்சம் தேறியதும், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாய். உதவித்தொகை கேட்கத்தான் என்று நினைத்தேன். அங்கிருந்த அதிகாரியும் அப்படித்தான் நினைத்து, "பென்ஷனுக்காம்மா?" என்றார். நீ இல்லையென்று தலையாட்டிவிட்டு நீளமாகப் பேசினாய். அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார்.

"பொகையிலை, சிகரெட்டு விக்கறதுல கவர்மெண்டுக்கு வரி வருது இல்ல சார், அதுல கொஞ்சம் எடுத்து அந்த வேனுக்கு டீசல் ஊத்தச் சொல்றாங்க. அவங்களுக்காகக் கேக்கல. மத்த பொம்பளைங்களுக்காகக் கேக்கறாங்க" என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்தார். நீ அதோடு விட்டாயா? வாசலில் புகையிலையை அடக்கிக் கன்னம் உப்ப நின்ற பியூனைக் காட்டி, "இந்த ஆளு வாயயும் பாக்கச் சொல்லுமே" என்றாய். அதை நான் சொல்லவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு உன்னை வெளியே கூட்டிவந்தேன். அந்த ஆள் பின்னாலேயே வந்துவிட்டார்.

"என்னக் காட்டி இன்னாம்மா சொன்னாங்க?"

நீ முகத்தை மூடியிருந்த துண்டை இறக்கிக் காட்டினாய். அவர் நேரே குழாயடிக்குப் போய் வாயிலிருந்ததைத் துப்பிக் கொப்பளித்தார். நீ போய் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாய். அந்த ஆள் அழுதுவிட்டார்.

வேன் மறுபடி வந்தது தை மாசத்தில். நீ ஐப்பசியிலேயே போய்விட்டாய். நம் தெருப் பெண்கள் வரிசையில் நின்று வாயைத் திறந்து காட்டினார்கள். எதிர்வீட்டுப் பூங்காவனத்துக்கு வெள்ளை இருந்தது. ஆரம்பம் என்பதால் சின்ன ஆபரேஷனோடு முடிந்தது. இப்போது என்னோடு கழனிக்கு வருகிறாள்.

உனக்காகக் கற்ற பேச்சு என்னிடம் அப்படியே இருக்கிறது, அக்கா. முகாம் நடக்கும் பக்கத்து ஊர்களுக்கு என்னையும் கூப்பிடுகிறார்கள். போன வாரம் திருவக்கரையில் தாடை எடுத்த ஒரு பெரியவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மகளுக்கும் நர்சுக்கும் புரியவில்லை. நான் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன்.

"வலியே இல்லன்னு சொல்றாரு" என்றேன். பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். நீயும் என்னிடம் அப்படித்தானே சொல்வாய்.

"பொய் சொல்றாரு சிஸ்டர். ரொம்ப வலிக்குது."