ரொட்டிக்கடை இரண்டு, கொட்டகை ஒன்று

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அதாவது செவ்வாய்க்கிழமை காலை நிலவரப்படி நலம். இந்தத் தாள் உன் மலைக்கு வந்துசேரப் பத்தொன்பது நாள் ஆகிறது, அதற்குள் யாருக்கு என்ன வருமோ, அதற்கு நான் பொறுப்பில்லை. உன் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், எடுத்த பிறகுதான் உறைத்தது, அது ஒரு மாதத்துக்கும் மேல் பழைய காய்ச்சல். உன் கடிதம் வந்த அன்றே என்ன மருந்து சாப்பிட வேண்டும் என்று ஓர் அட்டையில் எழுதிப் போட்டேன், அந்த அட்டை இன்னும் வழியில்தான் இருக்கும், வந்தால் அடுத்த காய்ச்சலுக்கு வைத்துக்கொள். வெந்நீர் குடி. ஈரத் தலையோடு படுக்காதே. அலை வந்து வானத்தைக் கேட்கும் கருவியைக் கெடுக்கும் என்று அங்கே கைபேசியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், சரி, வானத்தின் அந்தக் கோடியில் நடப்பதெல்லாம் கேட்க வேண்டும், மகள் தும்முவது மட்டும் அம்மாவுக்குக் கேட்கக் கூடாது. விடு, இதற்கு மேல் எழுதினால் சண்டை போடுகிறேன் என்பாய்.

உன் கடிதத்தை அப்பா சத்தமாகப் படித்தார். சூரியனின் வெளிச்சம் இங்கே வர எட்டு நிமிடம் ஆகும் என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவுதான், அன்றிலிருந்து தெருவில் யாருக்கும் நிம்மதி இல்லை. பால்காரருக்குச் சொன்னார், மாடி வீட்டு வக்கீலுக்குச் சொன்னார், சலவைக்காரரிடம் போய், நீங்கள் துணி காயப்போடுவது பழைய வெயிலில், தெரியுமா என்று கேட்டார். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, பழசோ புதுசோ சார், காயுதில்ல என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்துவிட்டாராம். அப்பாவுக்கு ரோஷம். இரண்டு நாள் கசங்கிய சட்டையோடு திரிந்தார்.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் என் வரைபடம். மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு, உனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் அந்த நில அளவை அலுவலகத்தில் அடுத்தவர் வீட்டுச் சுவரை வரைந்து முதுகை வளைத்தாயிற்று, கடைசி வேலை இந்த வட்டத்தின் வரைபடம், முப்பத்தொரு தெரு. நான் கையெழுத்துப் போட்டு மேலதிகாரியும் போட்டால் முடிந்தது. மேலதிகாரி என்றால் அதே ஒருநிமிஷம் சார்தான். எதைக் கேட்டாலும் ஒரு நிமிஷம் என்று உள்ளே போவார், அந்த நிமிஷம் முடிய வாரக்கணக்கில் ஆகும். வரைபடத்தின் மூலையில் நிலவரத் தேதி என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு தேதி போட வேண்டும், ஊர் இந்தத் தேதியில் இப்படி இருந்தது என்று. நம் ஆட்களோ மூன்று வருஷமாக அளந்திருக்கிறார்கள். நான்காம் தெரு முதல் வருஷம், இருபதாம் தெரு போன மாதம். நடுவில் நான்காம் தெருவில் இருந்த ரொட்டிக்கடைக்காரர் கடையை இருபதாம் தெருவுக்கு மாற்றிக்கொண்டார். வரைபடத்தில் அவருக்கு இரண்டு கடை. எப்படியோ கேள்விப்பட்டு நேரிலேயே வந்துவிட்டார். அம்மா, எனக்கே தெரியாம இன்னொரு கடை திறந்துட்டீங்களே, அதுல யாரு உக்காந்திருக்கா என்றார். அலுவலகமே சிரித்தது. ஒருநிமிஷம் சார் சிரிக்கவில்லை. ஒன்றை அழியுங்கள் என்றார். பழையதை அழித்தால் அந்த இடத்தில் என்ன வரைவது. இப்போது அங்கே ஒரு தையல்கடை இருக்கிறதாம், யாரும் அளக்கவில்லை. அளக்காததை நான் வரைந்ததில்லை. கடைசி வரைபடத்திலா தொடங்குவேன்.

மதியம் உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். மூன்றாம் பக்கம். நீங்களெல்லாம் அங்கே போடும் வான வரைபடத்தில் ஒவ்வொரு விண்மீன் கூட்டமும் அதன் ஒளி கிளம்பிய காலத்தில் இருந்த மாதிரிதான் இருக்கும், பக்கத்தில் உள்ளது புதிது, தூரத்தில் உள்ளது பல நூறு கோடி வருஷம் பழையது, இப்போது அது அங்கே இருக்கிறதா என்றால் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். முதல் தடவை படித்தபோது, எங்கள் அலுவலகத்தில் இப்படிச் சொன்னால் மெமோ கொடுப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரே கூட்டத்தின் ஒளி இரண்டு வழியாகச் சுற்றி வந்து இரண்டு இடத்தில் தெரிவதும் உண்டு, ஒரு வழி நீளம், அதனால் ஒன்று தாமதம் என்றும் எழுதியிருந்தாய். ரொட்டிக்கடை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஓய்வுபெறும் துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்துப் பதிவறைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்.

மூலைக் கட்டத்தில் தேதி போடாமல் ஒரு கோடு இழுத்தேன். ஒவ்வொரு தெருவுக்கும் பக்கத்தில் அளந்த தேதியைச் சின்னதாக எழுதினேன். ஒரு படத்துக்கு முப்பத்தொரு தேதியா என்றார் சார். என் மகள் படத்தில் எண்ணி முடியாது என்றேன். ஒரு நிமிஷம் என்று உள்ளே போனார். ஆறு நாள். பிறகு, ஒவ்வொரு தெருவையும் அளவைப் புத்தகத்தோடு நீங்களே ஒப்பிட்டுத் தாருங்கள், பார்க்கலாம் என்றார்.

போன புதன்கிழமை காலை ஒப்பிடும் வரிசையில் நம் தெரு வந்தது. நம் வீடு. மொட்டைமாடியில் புள்ளிக்கோட்டில் ஒரு சின்னச் சதுரம், உன் தொலைநோக்கிக் கொட்டகை. விடுமுறைக்கு வந்ததும் அதில்தான் படுப்பேன் என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்துக்கொண்டே தேதியைச் சரிபார்த்தேன். சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். சதுரம் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு தண்ணீர்த் தொட்டி.

அதன் பின்னால் அப்பா. தொட்டி அவரை மறைக்கும் என்று நினைப்பு.

தகரம் துருப்பிடித்து ஒழுகியது, தொட்டி வைக்க வேறு இடத்தில் தளம் தாங்காது என்று கொத்தனார் சொன்னார், எல்லாம் உண்மைதான். அவளுக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று மட்டும் அப்பாவைக் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இப்ப எதுக்குச் சொல்லணும்? சேதி போய்ச் சேர்ற வரைக்கும் அவளுக்கு அது அங்கதான் இருக்கு. அவளே எழுதியிருக்கா." ஆறு பக்கம் விஞ்ஞானம் எழுதினாய், மனிதர் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். ஆனால் அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தொலைநோக்கியைத் தன் கம்பளியில் சுற்றி எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார், தினமும் காலையில் என் கால் விரல் அதில் இடிக்கிறது. கூரையில் தொலைநோக்கிக்காக நீ வெட்டி எடுத்த வட்டத் தகரம் இப்போது தொட்டிக்கு மூடி. அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

மறுநாள் வரைபடத்தில் அந்தச் சதுரத்தைச் சுரண்டி எடுக்கப் பிளேடை வைத்தேன். எடுத்துவிட்டேன். அளந்த தேதியில் அது இருந்தது. பொய் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை ஒருநிமிஷம் சார் பேனாவைத் திறந்து, நம் தெருவில் நிறுத்தி, உங்க வீட்டு மாடியில என்ன அது என்றார். "என் பொண்ணோட ஆபீஸ் சார்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

இதுவரை எழுதியது செவ்வாய்க்கிழமை. இன்று வெள்ளி. உறையில் போட்டு ஒட்டி, மூன்று நாளாகக் கைப்பையிலேயே வைத்திருந்தேன், இதை எழுத மறுபடி பிரித்தேன். அப்பாவிடம் தபால்தலை இல்லை என்று சொன்னேன். தபால்தலை இருந்தது. பெட்டியில் போட்டால் கிளம்பிவிடும், கிளம்பாத வரை உன் கொட்டகைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றியது. மூன்று நாள் கூட்டிக் கொடுத்தேன். அதற்கு மேல் கொடுத்தால் நானும் அப்பாவாகிவிடுவேன்.

கோபப்படு, ஆனால் அப்பாவுக்குத் தனியாக எழுது, எனக்கு வரும் கடிதத்தில் அவரைத் திட்டினால் அதையும் அவரே சத்தமாகப் படிப்பார், நான்தான் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும். கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே. நோய் நொடி இல்லாமல், நினைத்த வேலை கைகூடி, நீ நன்றாக இருக்க வேண்டும். எங்கள் இருவரின் ஆசியும் என்றும் உனக்கு உண்டு. இதற்குத் தேதி தேவையில்லை.

உன் அம்மா

மறந்துவிட்டேன். தொட்டிக்குத் தெற்கே ஆறடிக்கு ஏழடி இடம் இருக்கிறது. தொட்டியைத் தாங்காவிட்டாலும் ஒரு கொட்டகையைத் தளம் தாங்கும், கொத்தனாரைக் கேட்டுவிட்டேன். சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அப்பா அதற்குள் பூந்தொட்டி வைக்கக் கூடாது என்று எழுதி வாங்கியாயிற்று. அளந்தது இன்று, வெள்ளி காலை.