மாதா சொன்னதாக நான் சொன்னது

பிப். 18, புதன். சாம்பல் புதன்.

காலையில் பனி. பாலக்கோட்டையே காணவில்லை. என் சுண்டுவிரலை டார்ச் அடித்துத்தான் தேடி எடுத்தேன்.

நோட்டே, கைகட்டிக் கேள். இனி வரப்போவது பூமியில் ஒருவரும் நம்பாத கதை. தக்காளி விவசாயியும் உலகப் புளுகர்களின் சக்கரவர்த்தியுமாகிய சவரிமுத்து, இன்று முதல் ஈஸ்டர் வரை அளக்க மாட்டான். மற்றவர்கள் தவக்காலத்துக்குக் கறியை விடுகிறார்கள், நான் அளப்பை விடுகிறேன். நெற்றிச் சாம்பல் சாட்சி.

காரணம் ரோஸி. அக்கா மகள், காரிமங்கலத்தில் கட்டிக்கொடுத்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால், அவள் முழுகாமல் இருந்தபோது, நான் அளந்து விட்டது: மாதா சிலை இருக்கும் கெபி முன்னால் விடிய விடிய முழங்காலில் நின்றேன், கல் தேய்ந்து குழி விழுந்தது, மாதா கண் திறந்து, ‘சவரி, எழுந்து போ, ரோஸிக்கு ஆண் பிள்ளை, ஒரு குறையும் வராது’ என்றார். அவள் பெயர்கூட முடிவு செய்துவிட்டாள். ஆறாம் மாதம், பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது.

அதன் பிறகு அவள் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

பிப். 19, வியாழன்.

மண்டி. தக்காளி எப்படி என்ற வியாபாரியிடம் உள்ளதைச் சொன்னேன். சுமார்தான். அவர் கூடையைக் குனிந்து மோந்தார். “சவரியண்ணனே சுமாருங்கறாரு. அடியில அழுகலத்தான் வெச்சிருப்பாரு.” ஏலம் நகரவில்லை. வாய் பொறுக்கவில்லை. செடியிலிருந்து ஒவ்வொரு பழத்தையும் இறக்க ஓசூரிலிருந்து கிரேன் வந்தது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சரக்கு போயிற்று.

விரதமும் போயிற்று.

வாங்க: பூச்சி மருந்து, சணல், மெழுகுவத்தி.

பிப். 20, வெள்ளி.

சிலுவைப்பாதை. ஆண்டவர் மூன்று முறை விழுந்து எழுந்தார். நான் மண்டிக்கும் டீக்கடைக்கும் நடுவிலேயே அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டேன். எழுந்ததுதான் குறைவு.

பின்வரிசையில் இரண்டு பெண்கள். ரோஸி ஏன் வரவில்லை? “அவளா? மாதாகிட்ட டூ வுட்டுட்டா.”

முழங்கால் வலி. (நிஜ வலி.)

பிப். 22, ஞாயிறு.

உண்மையைச் சொல்லிவிட காரிமங்கலம் போனேன். பஸ்ஸில் முழு ஒத்திகை. ரோஸி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். என்ன மாமா திடீரென்று என்றதும், ஆடு பார்க்க வந்தேன் என்றேன். சோறு போட்டாள். பரிமாறிக்கொண்டே, குரலே உயர்த்தாமல்:

“ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லைங்க மாமா. நீங்க கேட்டதத்தான் வந்து சொன்னீங்க. அவங்கதான் ஏமாத்திட்டாங்க.”

அவங்க என்றால் மாதா. என் வாய் செய்ததற்கு மாதா பேச்சு வாங்குகிறார். நான் என்ன செய்தேன்? இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகப் பக்கத்து ஆளிடம் சொன்னேன். அதுவும் புளுகு.

பிப். 24, செவ்வாய்.

பாவசங்கீர்த்தனம். புது ஃபாதர், சின்ன வயசு. அளப்பை விட்டது, விழுந்தது, ஆடு, ரசம், எல்லாம் சொன்னேன். நல்ல விரதம் என்று பாராட்டுவார் என ஒரு ஆசை.

“வாயக் கட்டறது இருக்கட்டுங்க. மொதல்ல அந்தப் புள்ளகிட்டப் போயி வாயத் தொறங்க.”

அதன் பிறகு அவள் என் முகத்திலேயே முழிக்காவிட்டால் என்றேன். அப்படியும் நடக்கலாம் என்றார். இந்த மனிதருக்கு அளக்கவே தெரியவில்லை. ஆறுதலுக்கு ஒன்று, சின்னதாக, எடுத்து விட்டிருக்கலாம்.

பிப். 26, வியாழன்.

வெயில். சாதாரண வெயில்.

மறுபடி காரிமங்கலம். உட்காரவில்லை, உட்கார்ந்தால் சோறு வந்துவிடும். வாசலில் நின்றே சொன்னேன். மாதா கண் திறக்கவில்லை. பேசவில்லை. எல்லாம் நான் கட்டியது. உன்னைச் சிரிக்க வைக்கத்தான் ஆரம்பித்தேன், நீ நம்பியதும் நிறுத்தத் தெரியவில்லை.

ரோஸி முறத்தைத் தள்ளி வைத்தாள். விரலில் ஒட்டிய புளியை முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். வெளியே கரும்பு டிராக்டர் ஒன்று போயிற்று. அது போய், சத்தமும் போயிற்று.

“அப்ப அவங்க எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“நீங்க அன்னிக்கு அங்க போனதாவது நெசமா, மாமா?”

மழை, இடி, தேய்ந்த கல், எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. விழுங்கினேன்.

“போனேம்மா. கொசு கடிக்கற வரைக்குந்தான். ஒரு செபமாலகூட முடிக்கல. ஆனா முழங்கால் போட்டு உம் பேரச் சொன்னேன். அது மட்டும் நெசம்.”